பெரியப்பா பாடும் நேரம்

மார்ச் 4, திங்கள்

இந்த நோட்டை வாங்கச் சொன்னது ஷீபா மேடம். முன்பக்கத்திலிருந்து அண்ணனைப் பற்றிய குறிப்பு. பின்பக்கத்திலிருந்து எனக்காக எழுதிக்கொள்கிறேன்.

அண்ணன் ஆவுடையப்பன் அடிபட்டு இன்றோடு இருபத்து மூன்று நாள். தென்காசியிலிருந்து பைக்கில் திரும்பும்போது குளத்துக்கரை ரோட்டில் ஏதோ வண்டி இடித்துவிட்டுப் போய்விட்டது. எந்த வண்டி என்று தெரியவில்லை. தலையில் ஆபரேஷன் முடிந்து நேற்றுத்தான் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற்றினார்கள். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். கண் திறக்கிறான். ஆனால் அந்தக் கண்ணில் நாங்கள் இல்லை.

ஷீபா மேடம் இசை சிகிச்சை கொடுப்பவர். நாகர்கோவில்காரர். திங்கள், புதன், வெள்ளி வருவார். அம்மா முதலில் அவரை நம்பவில்லை. மருந்து எல்லாம் தீர்ந்துபோய்தான் பாட்டுப் போட வந்துவிட்டார்களா என்று என் காதில் கேட்டாள். மேடத்துக்கும் கேட்டிருக்கும், சிரித்தார். பேச்சு போகமுடியாத வழியில் சில சமயம் பழகிய பாட்டு போகும், பழகிய குரல் போகும், ஆனால் சத்தியம் எதுவும் செய்ய மாட்டேன் என்றார். ஒவ்வொரு முறையும் நேரம், என்ன சத்தம், நாடி முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு, மூச்சு, முகம் எல்லாவற்றையும் வீட்டு ஆள் ஒருவர் எழுத வேண்டும்.

அப்பாவும் அம்மாவும் என்னைப் பார்த்தார்கள். வீட்டில் முதல் டிகிரி நான். எந்தத் தாள் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். அண்ணனைச் சேர்த்த அன்றும் எல்லாத் தாளிலும் நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். முதுகில் புண் வரவில்லை. பெரியப்பா இன்றும் பஸ்ஸில்தான் வந்தார். அவருடைய வேன் சர்வீஸில் நிற்கிறதாம்.

மார்ச் 6, புதன்

அண்ணனுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்று மேடம் கேட்டார். அண்ணன் வைத்திருப்பதே மைக் செட். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எதுவானாலும் எங்கள் பக்கத்தில் அவன் குழாய் ஸ்பீக்கர்தான் கத்தும். அப்படிப்பட்டவனுக்கு எது பிடிக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் பாட்டுப் போட்டவன், தனக்கென்று என்ன கேட்டான்?

அவன் செட்டில் இருக்கும் பென் டிரைவைக் கொண்டுவருவதாக அப்பா சொன்னார்.

மேடம் கட்டில் கம்பியில் விரலால் அவன் மூச்சின் வேகத்துக்குத் தட்டினார். பிறகு தட்டுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதப்படுத்தினார். மூச்சும் தாமதமானது. எனக்குப் புல்லரித்தது. பிறகு ஒவ்வொருவராகப் பேசச் சொன்னார். அம்மா பேசினாள், அழுதாள். நாடி 84-லிருந்து 88. அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மகனிடம் பேசச் சொன்னால் அவருக்குக் கூச்சம். கடைசியில், “ஏல, தண்ணி பாய்ச்சிட்டேன்” என்றார். 84. அப்படியேதான் இருந்தது. நான் பேசவில்லை. நாளைக்குப் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 8, வெள்ளி

இன்று வார்டே எங்கள் கட்டிலைச் சுற்றி நின்றது.

பெரியப்பாவையும் பேசச் சொன்னார் மேடம். அவர் பேசுவதைவிடப் பாடுகிறேன் என்றார். அப்பாவின் அண்ணன், பெயர் நல்லபெருமாள். எங்கள் குலதெய்வமான சாஸ்தாவுக்கு வருஷம் தவறாமல் பஜனையை எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். குரல் மைக் இல்லாமலே மூன்று தெரு போகும். அண்ணன் அவருக்காகவே பஜனையில் மைக்கைத் தள்ளி வைப்பான்.

கட்டில் தலைமாட்டில் நின்று, அண்ணன் காதருகே குனிந்து, மெதுவாகத்தான் ஆரம்பித்தார். நாடி 86. அடுத்த வரியில் 103. பிறகு 118. பிறகு 126. மெஷின் கத்தியது. நர்ஸ் ஓடி வந்தார். அம்மா, “அத்தான், பிள்ளைக்கு உங்க குரல் தெரியுது” என்று அவர் காலில் விழுந்துவிட்டாள். பக்கத்துக் கட்டில் அம்மா திருநீறு கேட்டு வாங்கிக்கொண்டார். பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாம் சாஸ்தா செயல் என்றார்.

ஷீபா மேடம் மட்டும் மெஷினைப் பார்க்காமல் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் என்ன பார்த்தாய் என்று என்னிடம் கேட்டார். வியர்வை என்றேன். எழுதச் சொன்னார். கால்விரல்கள் உள்ளே மடங்கியிருந்ததையும் பார்த்தேன். அதைச் சொல்லவில்லை.

மார்ச் 9, சனி

இனிமேல் தினமும் சாயங்காலம் நாலரைக்குப் பெரியப்பா வந்து பாடுவதென்று முடிவாகியிருக்கிறது. நர்ஸுகள்கூடக் காத்திருக்கிறார்கள்.

இன்று 122.

மார்ச் 10, ஞாயிறு

129. அம்மா சந்தோஷத்தில் இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் அடித்தால் நான் எடுப்பதில்லை. அதை எழுத வேண்டாம்.

மார்ச் 11, திங்கள்

பெரியப்பா இன்று இந்த நோட்டைக் கேட்டார்.

“என்னட்டி எந்நேரமும் எழுதுத? கொண்டா பாப்போம்.”

கொடுத்தேன். கொடுக்காமல் எப்படி இருப்பது? நான் காலேஜில் சேர அப்பா தயங்கியபோது, “பிள்ளய நான் கொண்டுவிடுதேன்” என்று கூட்டிப்போய் ஹாஸ்டலில் விட்டவர் அவர். டிகிரி முடித்ததும் பஸ் ஸ்டாப்பில் என் போட்டோ போட்டு ஃபிளெக்ஸ் வைத்தார். வெட்கத்தில் ஒரு மாதம் நான் அந்தப் பக்கமே போகாமல் சுற்றிப் போனேன். எல்லோரையும்விட என்னை அதிகம் நம்பியவர் அவர்.

கண்ணாடி போட்டுக்கொண்டு முன்பக்கத்திலிருந்து வாசித்தார். ஒவ்வொரு வரியின் கீழும் விரல் போனது.

“வேர்த்துதுன்னு எழுதியிருக்க. ஃபேன் ஓடல்லன்னும் சேத்து எழுது.”

ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எழுதினேன். அவர் பின்பக்கம் திருப்புவதற்குள் டாக்டர் வந்துவிட்டார். பெரியப்பா எழுந்து கும்பிட்டு, பையன் எப்போது பேசுவான் என்று கேட்டார். தினமும் இதைத்தான் கேட்கிறார். டாக்டரும் அவரைப்போல ஒரு பெரியப்பா எல்லா நோயாளிக்கும் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 12, செவ்வாய்

இது வேறு நோட்டு. பழைய நோட்டின் பின்பக்கங்களைக் கிழித்து இதில் ஒட்டியிருக்கிறேன். அண்ணனுக்கு வாங்கிய டயப்பர் பாக்கெட்டுக்குள் வைத்திருக்கிறேன். பெரியப்பா அதைத் தொட மாட்டார்.

அதனால் இங்கே எழுதலாம். அண்ணனுக்கும் சுபிதாவுக்கும் இரண்டு வருஷப் பழக்கம். சுபிதா கீழத்தெருப் பிள்ளை. எங்கள் தெருக்காரர்கள் அந்தத் தெருவில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். தை மாதம் பெரியப்பா என்னிடம், உன் அண்ணன் குடும்பத்துக்குப் பெயர் வாங்கித் தருவான் போலிருக்கே என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

வேன் ஒரு மாதமாக சர்வீஸில் நிற்கிறது.

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

மார்ச் 13, புதன்

அப்பா பென் டிரைவைக் கொண்டுவந்தார். மேடத்திடம் கொடுப்பதற்கு முன் நான் இயர்போனில் கேட்டுப் பார்த்தேன். கொடைப் பாட்டு, கல்யாணப் பாட்டு, கட்சிப் பாட்டு. கடைசியில் பெயரில்லாமல் ஒன்று இருந்தது.

சுபிதாவின் குரல். “ஹலோ, ஹலோ. ஒன்னு, ரெண்டு, மூனு. ஏ, என் குரலு எனக்கே கேக்கல, நீ எதத் திருகுத?” பிறகு சிரிப்பு. பிறகு வார்த்தை இல்லாத ஒரு முனகல் ராகம், நாலு நிமிஷம். காற்றுச் சத்தமும் நாய்ச் சத்தமும் கலந்திருக்கிறது. நடுவில் ஒரு இடத்தில் அண்ணன், “இன்னும் கொஞ்சம் கிட்ட வா” என்கிறான். மைக்குக்குக் கிட்டத்தான்.

அம்மா துணி அலசப் போன நேரத்தில் மேடத்திடம் கொடுத்தேன். யார் குரல் என்று அவர் கேட்கவில்லை. மெதுவாகப் போட்டார். நாடி 90-லிருந்து 81, பிறகு 76. மூச்சு சீரானது. அண்ணன் கண் சத்தம் வந்த பக்கம் திரும்பியது. திரும்பியது. நான் பார்த்தேன்.

அழவில்லை. அம்மா வரும் சத்தம் கேட்டது.

மார்ச் 15, வெள்ளி

சாயங்காலப் பாட்டு முடிந்ததும் மேடம் என்னை கேன்டீனுக்கு டீ குடிக்கக் கூப்பிட்டார். நாடி ஏறுகிறது என்பதை வைத்து மட்டும் எதையும் சொல்லமுடியாது என்று ஆரம்பித்தார். சந்தோஷத்திலும் ஏறும், வேறு காரணத்திலும் ஏறும். அதனால்தான் முகத்தையும் கையையும் காலையும் எழுதச் சொல்கிறோம். வீட்டுக்காரர்கள் மெஷினை மட்டும்தான் பார்ப்பார்கள், ஏறினால் நல்லது என்று நினைப்பார்கள், பரீட்சை மார்க் மாதிரி.

“வேற காரணம்னா என்ன மேடம்?”

“நீ படிச்ச பிள்ளையாக்கும். ஒனக்குத் தெரியாதா மக்களே?” அவர்கள் ஊரில் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

டீ ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்தேன். சின்ன வயதிலிருந்தே நான் இப்படித்தான். வகுப்பில் விடை தெரிந்தாலும் கை தூக்க மாட்டேன்.

திரும்பி வந்தால், அண்ணன் நன்றாக முன்னேறுகிறான், இரண்டு வாரத்தில் தொண்டைக் குழாயை எடுத்துப் பார்க்கலாம், பேச்சு வர வாய்ப்பிருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மா எல்லாக் கட்டிலுக்கும் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெரியப்பா ஜன்னலோரம் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் பேசாமலே போய்விடுவானோ என்று இத்தனை நாள் பயந்தேன். இன்று வேறு மாதிரிப் பயம்.

மார்ச் 18, திங்கள்

பெரியப்பா முடிவெடுத்துவிட்டார். பங்குனி உத்திரம் அடுத்த திங்கள். அன்று குடும்பத்தில் யாராக இருந்தாலும், எந்த ஊரில் இருந்தாலும் சாஸ்தா கோயிலில் இருக்க வேண்டும். ஆவுடையையும் கொண்டுபோய்ச் சன்னதியில் கிடத்த வேண்டும், அதற்குப் பிறகு அவருடைய தோப்பு வீட்டில் வைத்து அவரே பார்த்துக்கொள்வார். அங்கே ஆள் தொந்தரவு கிடையாது, சத்தம் கிடையாது, தினமும் மூன்று வேளையும் பாடலாம். வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ்.

டாக்டர் இப்போது வேண்டாம் என்றார். வீட்டார் எழுதிக் கொடுத்துக் கூட்டிப்போனால் தடுக்க முடியாது என்றும் சொன்னார்.

அம்மா தலையை ஆட்டினாள். அப்பாவும் ஆட்டினார். அப்பா தன் அண்ணன் சொன்னதற்கு வேறு மாதிரித் தலையை ஆட்டி நான் பார்த்ததே இல்லை.

தோப்பு வீட்டுக்குப் பக்கத்தில் வேறு வீடு கிடையாது.

மார்ச் 19, செவ்வாய்

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

மார்ச் 20, புதன்

மேடத்திடம் ஒரு உதவி கேட்டேன். கேட்டதே எனக்கு ஆச்சரியம்.

பெரியப்பா பாடும் அதே பஜனைப் பாட்டை வேறு ஊர்க்காரர் பாடியது பென் டிரைவில் இருந்தது. அதையும் போட வேண்டும். பெரியப்பா பாடாமல் சாதாரணமாகப் பேசுவதையும் போட வேண்டும். அவர் பாட்டோடு இதையும் நான் நேற்றே போனில் பிடித்து வைத்திருந்தேன். “சாப்பிட்டியாட்டி? அம்மைக்கு வாங்கிக் குடுத்தியா?” அவ்வளவுதான். அன்பான பேச்சு.

மேடம் மூன்றையும் கலைத்துப் போட்டுக்கொண்டார். எது எப்போது வரும் என்று எனக்குச் சொல்லவில்லை. அவர் ஹெட்போனை அண்ணன் காதில் வைத்தார். எனக்குச் சத்தம் கேட்காது. முகத்தையும் மெஷினையும் பார்த்து எழுதினேன்.

முதலாவது: 85, மாற்றமில்லை. இரண்டாவது: 124, வியர்வை, கால்விரல் மடங்கியது, வலது கை போர்வையைப் பிடித்தது. மேடம் உடனே நிறுத்திவிட்டார். அவன் தணிய இருபது நிமிஷம் ஆனது. மூன்றாவதைப் போடவே இல்லை.

முதலாவது வேறு ஊர்க்காரர் பாட்டு. இரண்டாவது, சாப்பிட்டியாட்டி.

“பாட்டுல ஒண்ணும் இல்ல. ஆளுலதான் இருக்கு” என்றார் மேடம். தலையை மட்டும் ஆட்டினேன். இதைக் கேஸ் ஷீட்டில் எழுதி, அந்தக் குரல் கூடாது என்று டாக்டரிடமும் சொல்வதாகச் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். “நான் எழுத மட்டும்தான் முடியும். கொண்டு போவாம தடுக்கணும்னா வீட்டாளு ஒருத்தர் வாயைத் திறக்கணும் மக்களே.”

மார்ச் 21, வியாழன்

அப்பாவிடம் சொல்ல மூன்று தரம் போனேன். முதல் தரம் அவர் மகனுடைய கால்நகத்தை வெட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் தரம் தூங்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் தரம், “என்னம்மா?” என்றார். பால் வாங்கவா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 22, வெள்ளி

நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

காலை பத்து மணிக்குப் பெரியப்பா வாடகைக் காரோடு வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. அம்மா பையெல்லாம் கட்டி வைத்திருந்தாள். ஷீபா மேடமும் டியூட்டி டாக்டரும் இருந்தார்கள். டாக்டர், பெரியப்பா குரலைப் பற்றிக் குறிப்பில் வந்திருக்கிறது என்று ஆரம்பித்தார். பெரியப்பா அவரைப் பேச விடவில்லை. குடும்ப விஷயம் என்றார். நர்ஸ் தாளை நீட்டினார். சேர்க்கும்போது கையெழுத்துப் போட்டவர்தான் இதிலும் போட வேண்டும்.

தாள் என்னிடம் வந்தது.

“போடு.”

“போட மாட்டேன் பெரியப்பா.”

என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் சிரித்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்து, “டிகிரி முடிச்ச பிள்ளைக்குக் கையெழுத்து மறந்துபோச்சு” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அம்மா என் தோளில் இடித்தாள். பெரியப்பா கோபப்படவில்லை. பிள்ளை பயப்படுகிறது, நான் பாடினால் ஆவுடையே வருகிறேன் என்று காட்டுவான் பாருங்கள் என்று சொல்லிக் குனிந்து, அண்ணன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தார்.

அண்ணன் கையை இழுத்துக்கொண்டான்.

இத்தனை நாளில் அவன் வேண்டுமென்றே செய்த முதல் அசைவு அது. மெல்ல, தண்ணீருக்குள்ளிருந்து இழுப்பது மாதிரி, பெரியப்பாவின் விரல்களிலிருந்து கையை உருவி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். மெஷின் கத்தியது. டயப்பரையும் மீறிச் சிறுநீர் போர்வையை நனைத்துக் கட்டிலிலிருந்து சொட்டியது. அப்பா அதைப் பார்த்தார். சொட்டுவதைப் பார்த்தார், பிறகு மகன் முகத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் கேட்டேன்.

“பெரியப்பா, வேன் எங்க?”

பாட்டு நின்றது. “என்ன கேட்ட?”

“எந்த ஒர்க்‌ஷாப்புல நிக்குன்னு கேட்டேன்.”

அப்பா தன் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வரும் என்று காத்திருந்தார் என்று நினைக்கிறேன். ஒரு ஊர்ப் பெயர், ஒரு மெக்கானிக் பெயர், ஏதாவது ஒன்று. வரவில்லை. அப்பா குனிந்து, கட்டி வைத்த பையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

“நீங்க போங்கண்ணே” என்றார்.

அம்மா மட்டும் ஒன்றும் புரியாமல் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வெளியே போகும் வழியில் என் பக்கத்தில் நின்று எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினார். அதே குரல். சாப்பிட்டியாட்டி என்று கேட்கும் குரல்.

“வழியச் சொன்னவ நீதானட்டி. போலீஸுக்குப் போ. மொதல்ல ஒன் போனத்தான் கேப்பான்.”

மார்ச் 23, சனி

போலீஸ் ஸ்டேஷனுக்கு அப்பாவும் ஷீபா மேடமும் கூட வந்தார்கள். எஸ்.ஐ. ஒரு அம்மா. வாயால் சொல்ல வராது, எழுதித் தருகிறேன் என்றேன். தாளும் பேனாவும் தந்தார்.

முதலில் வேனைப் பற்றி எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு, முதலில் எழுத வேண்டியதை எழுதினேன். அண்ணன் அடிபட்ட பிப்ரவரி 11, ஞாயிறு, மாலை ஐந்து நாற்பது. பெரியப்பா எனக்குப் போன் செய்தார். ஆவுடை எங்கே என்று கேட்டார். தென்காசி போயிருக்கிறான், குளத்துக்கரை ரோடு வழியாக வருகிறேன் என்று சொன்னான் என்றேன். கூட யார் போயிருக்கிறார்கள் என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. சரிம்மா என்று வைத்துவிட்டார். சுபிதாவைத் தென்காசியிலேயே பஸ் ஏற்றிவிட்டு அண்ணன் தனியாகத்தான் வந்தான்.

பதில் சொல்லாமல் இருந்ததையும் எழுத வேண்டுமா என்று எஸ்.ஐ.யிடம் கேட்டேன்.

“அதையும் எழுதும்மா” என்றார்.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். வாசித்தார். வெளியே வந்ததும் எனக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். அவருக்கு வாங்கிக்கொள்ளவில்லை.

பெரியப்பா ஊரில் இல்லையாம். தேடுகிறார்கள். வார்டு வாசலில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் எழுந்து யார் என்று பார்க்கிறேன். அம்மா காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. வழியைச் சொன்னதற்காகவா, பெரியப்பாவைக் காட்டிக்கொடுத்ததற்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்காகவும் இருக்கலாம்.

சாயங்காலம் நாலரைக்குக் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். முதல் நாளே மேடம் பேசச் சொன்னார். நாளைக்கு, நாளைக்கு என்று பதினேழு நாள் தள்ளிவிட்டேன். என் குரல் கேட்டால் அவன் நாடி எங்கே போகும் என்று எனக்குப் பயம்.

மெஷினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, ஸ்டேஷனில் எழுதியதை எல்லாம் முதல் வரியிலிருந்து அவனிடம் சொன்னேன். அண்ணே, நான்தான் சொன்னேன் என்று சொன்னேன். என்ன எண் ஓடியது என்று பார்க்கவில்லை. குறிப்பிலும் எழுதவில்லை.

அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இழுக்க அவனால் முடியும். நேற்று எல்லோரும் பார்த்தோம்.